தம்பி வேலைக்குப் போறான்னா அம்மா ஏன் அழறாங்க?

வாசகர் கேள்வி:

மேடம், வணக்கம். என் தம்பிக்கு 24 வயசு, டவுன் சிண்ட்ரோம். அம்பத்தூர்ல அம்மா அப்பாவோட இருக்கான். 18 வயசு வரைக்கும் ஸ்பெஷல் ஸ்கூல், அப்பறம் அங்கேயே தொழிற்பயிற்சி. இப்போ ஸ்கூல் மூலமா ஒரு சூப்பர் மார்க்கெட்ல வேலை வந்திருக்கு. பருப்பு, ரவையெல்லாம் எடை போட்டு கவர்ல சீல் பண்ணணும். வீட்டுலேர்ந்து பஸ்ல நாலு ஸ்டாப். முதல் மாசம் நாலு மணி நேரம், ஒத்து வந்தா முழு நாள், மாசம் 11,000. அம்மா ஒரே அழுகை. "நாங்க உயிரோட இருக்கறப்பவே என் புள்ள கடையில மூட்டை தூக்கணுமா"ங்கறாங்க. அப்பா போஸ்டல்ல ரிட்டயர் ஆனவர், "இவன் சம்பாதிச்சா நாளைக்கு இவனுக்கு வரவேண்டிய பென்ஷன் போயிடும்"னு ஒரே பிடியா நிக்கறார். நான் சண்டை போட்டு ரெண்டு வாரமா அம்மா என்கிட்ட பேசறதில்ல. ஃபேமிலி கோஆபரேட் பண்ணலைன்னா வேற பையனுக்கு அந்த இடத்த குடுத்துடுவோம்னு ஸ்கூல்ல சொல்றாங்க. ஜூன்ல என் வீட்டுக்காரருக்கு பெங்களூரு மாற்றல், நாங்க கிளம்பிடுவோம். அதுக்குள்ள இவங்கள எப்படி கன்வின்ஸ் பண்றது?

பதில்:

வணக்கம்மா. உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். அம்மா சொன்னது இருக்கு, அப்பா சொன்னது இருக்கு, ஸ்கூல்ல சொன்னது இருக்கு, உங்க கோபமும் நல்லாவே தெரியுது. தம்பி என்ன சொல்றான்? அது மட்டும் ஒரு வரி கூட இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு வர்ற லெட்டர்ல பத்துக்கு ஒம்பது இப்படித்தான் இருக்கும், கல்யாணப் பேச்சுல பொண்ணைத் தவிர எல்லாரும் பேசற மாதிரி.

அவன்கிட்ட கேளுங்க. ஆனா "கடைக்கு வேலைக்குப் போறியாடா"ன்னு கேட்டா அவன் "சரி"ம்பான். நம்ம பசங்க நிறைய பேர் எல்லாத்துக்கும் சரின்னு சொல்லப் பழகியிருப்பாங்க, சின்ன வயசுலேர்ந்து சரின்னு சொன்னா தானே நல்ல பையன்னு பேர் வாங்கினாங்க. நான் ஒரு பையனை பேப்பர் கவர் ஒட்டற வேலையில விட்டேன், அவனும் சரின்னான், ஒரு மாசம் கழிச்சு திங்கக்கிழமை ஆனா வயித்து வலி, தலைவலின்னு ஏதாவது ஒண்ணு வந்துடும். கடைசியில பார்த்தா அந்த பசை வாசனை அவனுக்கு ஆகல, அதைச் சொல்லத் தெரியல. இப்போ ஒரு ஹோட்டல் லாண்டரியில டவல் மடிக்கிறான், லீவு எடுக்கச் சொன்னாலும் எடுக்க மாட்டேங்கறான். அதனால வாயால கேக்கறதோட நிறுத்தாம அந்த கடைக்கே கூட்டிட்டு போய் அவன் எங்க நிக்கறான், எதைத் தொட்டுப் பார்க்கறான், எந்த சத்தத்துக்கு காதைப் பொத்தறான்னு பாருங்க. அவன் பதில் அதுல தான் இருக்கு.

அடுத்து இந்த "ஃபேமிலி கோஆபரேட் பண்ணல". இது மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சியும் வேலையும் ஏற்பாடு பண்ற எங்க ஃபீல்டுல ரொம்ப நாளா இருக்கற ஒரு கெட்ட பழக்கம். நானே வேலைக்கு வந்த புதுசுல எத்தனையோ ஃபைல்ல இதை எழுதி கையெழுத்து போட்டிருக்கேன், இப்போ நினைச்சா வெக்கமா இருக்கு. அம்மா பக்கத்துலேர்ந்து கொஞ்சம் பாருங்க. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு பிறக்கும்போதே இதயத்துல ஏதாவது கோளாறு இருக்கும், உங்க தம்பிக்கு எப்படியோ தெரியாது, ஆனா எக்கோ எடுக்கப் போய் வராண்டாவுல கையில குழந்தையோட உக்காந்திருக்காத அம்மாவை நான் பார்த்ததில்ல. அப்பறம் ஸ்கூல் ஸ்கூலா ஏறி இறங்கியிருப்பாங்க, கல்யாண வீட்டுல "இது எப்போ சரியாகும்"னு கேட்டவங்களுக்கெல்லாம் பதில் சொல்லியிருப்பாங்க. 24 வருஷமா டாக்டர், டீச்சர், நாங்க எல்லாரும் சேர்ந்து "ஜாக்கிரதையா பாத்துக்கோங்க, தனியா விடாதீங்க"ன்னே சொல்லி அவங்களை அப்படியே பழக்கிட்டு, இன்னைக்கு திடீர்னு வந்து "விடுங்கம்மா, நீங்க தான் தடையா இருக்கீங்க"ன்னா அது என்ன நியாயம்?

ஒரு சம்பவம் சொல்றேன். ஒரு வீட்டுக்கு இதே மாதிரி பேசப் போனேன், கையில சார்ட், வேலைக்குப் போன பசங்களோட போட்டோ எல்லாம். அந்த அம்மா காபி குடுத்தாங்க, எல்லாத்தையும் பொறுமையா கேட்டாங்க, முடிஞ்சதும் ஒரே ஒரு கேள்வி தான் கேட்டாங்க: "சரி மேடம், சாயங்காலம் மழை வந்தா அவன் எங்க ஒதுங்குவான்?" எனக்கு பதில் தெரியல. அந்த ஏரியாவையே நான் பார்த்ததில்ல. மறுநாள் போய்ப் பார்த்தேன், பஸ் ஸ்டாப்புல கூரை கிடையாது, எதிர்ல ஒரு டீக்கடை இருந்துச்சு, டீக்கடை அண்ணன்கிட்ட பேசினேன், இந்த பையன் இங்க வந்து நிப்பான்னு சொல்லி வச்சேன். திரும்பிப் போய் அந்த அம்மாகிட்ட சொன்னப்போ அவங்க அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க, டாய்லெட் எங்க இருக்கு, உள்பக்கம் தாழ் எப்படின்னு. மொத்தம் பதினாலு கேள்வி. பதினாலுக்கும் பதில் கிடைச்ச அன்னைக்கு அவங்களே டிபன் பாக்ஸ் வாங்கிட்டாங்க, நான் ஒண்ணும் கன்வின்ஸ் பண்ணல.

உங்களுக்கும் அதைத்தான் சொல்றேன், கன்வின்ஸ் பண்ற வேலையை விட்டுடுங்க. அம்மாவோட பயம் ஒவ்வொண்ணும் அந்த கடைக்காரர்கிட்ட நாம கேக்க வேண்டிய ஒரு கேள்வி, யார் கண்ணுலயும் படாதது அவங்க கண்ணுல தான் படும். ஒரு நோட்டு எடுத்து அம்மா சொல்றதை அப்படியே எழுதுங்க, பதில் சொல்லாதீங்க, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அந்த வார்த்தையில தான் பாதி வீட்டுல பேச்சே முறிஞ்சு போகுது. "திட்டினா யார்கிட்ட சொல்லுவான்", "சாப்பாட்டுக்கு யாரோட உக்காருவான்", "சீல் பண்ற மிஷின் சூடா இருக்குமே" - அந்த மிஷின் விஷயம் நிஜமாவே கேக்க வேண்டியது, கடையில போய் கையால தொடற மாதிரி இருக்கா, மூடி இருக்கான்னு பாருங்க.

அப்பா கேஸ் வேற, அவர் பயத்துல கணக்கு இருக்கு. கணக்குக்கு கணக்காவே பதில் சொல்லணும்.

மத்திய அரசு ஊழியருக்கு ஃபேமிலி பென்ஷன் எப்படி வரும்? அவருக்கு அப்பறம் முதல்ல அம்மாவுக்கு, அம்மா காலம் வரைக்கும். அம்மாவுக்கும் அப்பறம் தான் தம்பி. அதனால இன்னைக்கு அவன் 11,000 வாங்கறதால இன்னைக்கு வர்ற எந்தப் பணமும் நிக்காது, இது முதல் விஷயம். ரெண்டாவது, அப்பா மனசுல இருக்கறது பழைய கணக்கு. முன்னாடி 9,000 ரூபாயும் அதுக்கான டிஏவும் தான் உச்சவரம்பு, அதுக்கு மேல சம்பாதிச்சா ஃபேமிலி பென்ஷன் கிடையாது. 2021 பிப்ரவரியில அதை மாத்திட்டாங்க. இப்போ மாற்றுத்திறனாளி பிள்ளையோட சொந்த வருமானம் அவனுக்கு சாதாரண விகிதத்துல வரவேண்டிய ஃபேமிலி பென்ஷனை விட, அதாவது அப்பா கடைசியா வாங்கின பேசிக்ல 30 சதவீதமும் அதுக்கான டிஏவும் சேர்ந்த தொகையை விட, கம்மியா இருந்தா போதும், ஆயுசு பூரா வரும். அப்பா கடைசி பேசிக் 50,000ன்னு வச்சுக்கோங்க, 30 சதவீதம் 15,000, அது மேல டிஏ வேற. தம்பி சம்பளம் 11,000. எங்க இடிக்குது? சம்பளம் ஏறினா டிஏவும் ஏறிட்டே தான் இருக்கும்.

இதை நீங்க சொல்லாதீங்க. அப்பா அவரோட பழைய ஆபீஸ் நண்பர் ஒருத்தர்கிட்ட கேக்கட்டும், அந்த ஆர்டரை அவரே கையில வாங்கிப் படிக்கட்டும். முப்பது முப்பத்தஞ்சு வருஷம் ஃபார்ம் பார்த்தே வாழ்ந்தவர், மக வாய்ல சொல்றதை நம்பமாட்டார், பேப்பர்ல இருந்தா நம்புவார். அப்படியே இன்னொரு வேலையும் குடுங்க. அவர் இருக்கும்போதே தம்பி பேரை பென்ஷன் ஆர்டர்ல சேர்க்கச் சொல்லி எழுதிக் குடுக்கலாம், நிறைய பேர் இதைச் செய்யாம விட்டுட்டு அப்பறம் அக்கா தங்கச்சி தான் ஆபீஸ் ஆபீஸா அலையுதுங்க. கார்டியன்ஷிப்பும், அதாவது தம்பிக்கு சட்டப்படி ஒரு பாதுகாவலர், இன்னும் எடுக்கலைன்னா நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல, 1999ல வந்த சட்டம், கலெக்டர் தலைமையில மாவட்ட அளவுல ஒரு கமிட்டி இருக்கு, அதுல மனு போடலாம். கார்டியன் இருந்தா வேலைக்குப் போகக் கூடாதுன்னு சிலர் சொல்லுவாங்க, அப்படி ஒண்ணும் இல்ல.

மாநில அரசோட மாசம் 2,000 பராமரிப்பு உதவித்தொகை தம்பிக்கு வருதான்னு நீங்க எழுதல. வந்தா, வேலையில சேர்றதுக்கு முன்னாடியே அப்பா மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய், இந்த சம்பளத்துக்கு இந்த வேலைன்னு சொல்லிக் கேட்டு பதிலை எழுத்துல வாங்கி வச்சுக்கட்டும். யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை), தம்பி பேர்ல பேங்க் அக்கவுண்ட், அப்பாயிண்ட்மெண்ட் லெட்டர், ஈஎஸ்ஐ எல்லாம் அப்பா டிபார்ட்மெண்ட். ஈஎஸ்ஐக்கு மத்தவங்களுக்கு சம்பள வரம்பு 21,000, மாற்றுத்திறனாளிக்கு 25,000. சம்பளம் தம்பி அக்கவுண்ட்ல தான் விழணும், கையில குடுக்கறோம்னா அப்பா ஒரு கேள்வி கேக்கட்டும். அந்த முதல் மாசம் நாலு மணி நேரத்துக்கு எவ்வளவு சம்பளம்னும் உங்க லெட்டர்ல இல்ல, அதையும் கேளுங்க. டிரையல்னு பேர் வச்சு சும்மா வேலை வாங்கற இடம்னா அம்மா சொல்றது தான் சரி, போக வேண்டாம்.

இப்போ "மூட்டை தூக்கணுமா". இதைக் கொஞ்சம் ஓப்பனா பேசலாம். இதுல பயம் பாதி, கௌரவம் பாதி. கவர்மெண்ட் உத்தியோகம் பார்த்த வீடு, சொந்தக்காரங்க அந்த கடைக்கு சாமான் வாங்க வருவாங்க, "உங்க பையனை அங்க பார்த்தோமே"ன்னு ஒரு மாதிரி இழுப்பாங்க. அம்மாவுக்கு அது தாங்காது. அதைத் தப்புன்னு லெக்சர் எடுத்து பிரயோஜனம் இல்ல. நிறைய வீட்டுல இதுக்கு ஒரு மாற்று வச்சிருப்பாங்க, கவர்மெண்ட் வேலை வரும், காத்திருப்போம்னு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல அரசு வேலையில 4 சதவீதம் ஒதுக்கீடு இருக்கறது உண்மை, அதுல 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் இவங்களுக்கும் பல குறைபாடு சேர்ந்திருக்கறவங்களுக்கும். ஆனா பெரும்பாலும் பரீட்சை, படிப்புத் தகுதின்னு இருக்கும், காத்திருந்தே 35 வயசானவங்களை எனக்குத் தெரியும், அதுக்குள்ள கத்துக்கிட்டதெல்லாம் மறந்து டிவி ரிமோட்டும் கையுமா உக்காந்திருப்பாங்க. பதிஞ்சு வைங்க, வேண்டாம்னு சொல்லல. கிண்டியில மாற்றுத்திறனாளிகளுக்குன்னே மத்திய அரசோட வேலைவாய்ப்பு சேவை மையம் இருக்கு, முன்னாடி விஆர்சின்னு சொல்லுவாங்க, அங்க தம்பிக்கு என்ன வரும்னு அசெஸ்மெண்ட் பண்ணுவாங்க. இந்த சூப்பர் மார்க்கெட் நடக்கலைன்னாலும் அங்க ஒரு தடவை போய்ட்டு வாங்க.

கௌரவத்துக்கு மருந்து என்னன்னா அம்மா அந்த கடைக்குள்ள கஸ்டமரா இல்லாம வேற மாதிரி போகணும். மேனேஜர்கிட்ட பேசி, கூட்டம் இல்லாத நேரத்துல, பின்பக்கம் பேக்கிங் ரூமைக் காட்டச் சொல்லுங்க. தம்பிக்கு பக்கத்துல நிக்கப் போற ஆள் யாருன்னு பேர் சொல்லி அறிமுகப்படுத்தட்டும். அந்த ஆள் கிட்ட அம்மா ரெண்டு நிமிஷம் பேசட்டும், "இவனுக்கு வேகமா சொன்னா புரியாது, ஒண்ணு ஒண்ணா சொல்லணும்"னு. அங்க அவங்க கெஞ்ச வந்தவங்க இல்ல, சொல்லிக் குடுக்க வந்தவங்க.

உண்மையிலேயே சொல்லிக் குடுக்கத் தெரிஞ்சவங்க அவங்க தான். தம்பி ஷேவ் பண்ணிக்கறானா? சட்டை பட்டன் போடறானா? அதை யார் கத்துக் குடுத்தா? ஒரே நாள்ல இல்ல, துண்டு துண்டா உடைச்சு, ஒரு துண்டு வந்தப்பறம் அடுத்ததுன்னு மாசக்கணக்கா குடுத்திருப்பாங்க. 1970கள்ல அமெரிக்காவுல மார்க் கோல்ட்னு ஒருத்தர், இவங்களால ஒண்ணும் முடியாதுன்னு ஒதுக்கி வச்சிருந்த ஆளுங்களுக்கு சைக்கிள் பிரேக் மாட்டற வேலையை இப்படித்தான் படிப்படியா உடைச்சுக் கத்துக் குடுத்துக் காட்டினார், எங்க பாடப் புத்தகத்துல வர்ற ஆள். உங்க அம்மா அந்தப் புத்தகம் படிக்காம சமையல்கட்டுலயே அதைச் செஞ்சிருக்காங்க. பஸ்ஸையும் அவங்களே உடைக்கட்டும். முதல் வாரம் பக்கத்துலயே உக்காந்து போகட்டும், அடுத்த வாரம் அதே பஸ்ல கடைசி சீட்டுல, அப்பறம் ஏத்தி விட்டுட்டு இறங்கற ஸ்டாப்புல அப்பா நிக்கட்டும், அப்பறம் போன் மட்டும். செலவும் இல்ல, சாதாரண டவுன் பஸ்ல 2021லேர்ந்து மாற்றுத்திறனாளிக்கும் கூடப் போற ஒருத்தருக்கும் டிக்கெட் கிடையாது, அம்மாவுக்கு எப்படியும் ஃப்ரீ.

ஒண்ணே ஒண்ணுல மட்டும் அம்மாவை நிறுத்தணும். கடைக்குள்ள உக்காரக் கூடாது. ரெண்டு மாசம் தினமும் ஷாப் வாசல்ல ஸ்கூட்டி மேலேயே உக்காந்திருந்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும், மதியம் உள்ள வந்து சாதம் பிசைஞ்சு குடுத்துட்டுப் போவாங்க, கூட வேலை செய்யறவங்க அந்தப் பையனை "பாப்பா"ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க, அவனுக்கு வயசு 27. பழகறதுக்கு முதல் ரெண்டு நாள் போதும். அதுக்கப்பறம் ஏதாவதுன்னா மேனேஜர் ஸ்கூல்ல ஜாப் கோச்சுக்கு, அதாவது வேலையில பழக்கி விடற ஆளுக்கு, போன் பண்ணட்டும், வீட்டுக்கு இல்ல. இதை வீடு, கடை, ஸ்கூல்னு மூணு தரப்பும் உக்காந்து முதல்லயே பேசி வச்சுக்கோங்க.

ஸ்கூல்கிட்ட நீங்க கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. மூணு மாசத்துல இது சரிவரலைன்னா தம்பி திரும்ப தொழிற்பயிற்சிக்கே வந்துடலாம், அவன் இடம் இருக்கும்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. திரும்பி வர வழி இருக்குன்னு தெரிஞ்சா அம்மா கை கொஞ்சம் தளரும். அதை எழுதித் தரமாட்டோம்னு ஒரு ஸ்கூல் சொன்னா கோஆபரேட் பண்ணாதது யாருன்னு நான் கேப்பேன்.

கடைசியா, நீங்க போற போக்குல எழுதின அந்த ஒரு வரி. ஜூன்ல பெங்களூரு. அம்மா அழுகை எப்போ ஆரம்பிச்சுதுன்னு யோசிச்சுப் பாருங்க, வேலை வந்தப்பவா, மாற்றல் செய்தி வந்தப்பவா? ரெண்டும் ஒரே சமயத்துல வந்திருந்தா அவங்க காதுல விழறது என்ன தெரியுமா, "பொண்ணு கிளம்பறா, தம்பி பொறுப்பைக் கழட்டி விட்டுட்டுப் போகத்தான் இவ்வளவு அவசரமா வேலைக்கு அனுப்பறா". நீங்க அப்படி நினைக்கலைன்னு எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியணுமே. வாய் விட்டு கேக்கவும் மாட்டாங்க, கேட்டா மருமகன் காதுக்குப் போகும். அதனால நீங்களா போய், வேலைப் பேச்சே எடுக்காம, "அவன் வேலைக்குப் போனாலும் சரி, வீட்டுல இருந்தாலும் சரி, உங்களுக்கு அப்பறம் அவன் எனக்குத்தான்மா"ன்னு சொல்லுங்க, நிஜமா அப்படி நினைச்சா மட்டும் சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர்கிட்டயும் முதல்லயே பேசிட்டு சொல்லுங்க. ஜூன்ங்கறது உங்க கெடு, தம்பி கெடு இல்ல. கடைக்காரர் ஒரு மாசம் பொறுப்பாரான்னு கேட்டுப் பாருங்க, பல பேர் பொறுப்பாங்க.

இந்த சனிக்கிழமை தம்பியைக் கூட்டிட்டு அந்த கடைக்குப் போங்க. அம்மாவையும் கூப்பிடுங்க, ரவை வாங்கணும்னு சொல்லி, பேசலைன்னாலும் ரவைக்கு வருவாங்க. நீங்க எதுவும் சொல்லாம தம்பி எந்த ராக் பக்கம் போய் நிக்கறான்னு மட்டும் பாருங்க, அதை எனக்கு எழுதுங்க.